சிம்னியைப் பார்க்காதீர்கள், பின்சுவரைப் பாருங்கள்: மலையகத்தில் வீடு வாங்குவோருக்கு

போன வருடம் சித்தியின் மகன் கொழும்பிலிருந்து போன் செய்தான். "அக்கா, நுவரெலியாவுல ஒரு வீடு பாத்திருக்கேன். சிம்னி எல்லாம் இருக்கு. நீங்க ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லுங்க." போனேன். சிம்னி இருந்தது. அதற்கு நேர் கீழே வீட்டுக்குள் இருந்தது குளியலறை. நெருப்பு மூட்ட இடமும் இல்லை, புகை போக வழியும் இல்லை. கூரைக்கு மேல் செங்கல்லால் கட்டிவைத்த வெறும் பெட்டி. சுவரில் மரச்சட்டம் போலத் தெரிந்ததெல்லாம் பூச்சின் மேல் அடித்த பெயின்ட். தரகர் அந்தச் சிம்னிக்கும் சேர்த்துத்தான் விலை சொல்லியிருந்தார்.

அப்பா டிக்கோயாப் பக்கம் மேசன் பாஸ், அதாவது கட்டட மேஸ்திரி. நான் பண்டாரவளையில் இருபது வருடமாக வீட்டுப் பிளான் வரைகிறேன். மலைநாட்டில் வீட்டின் முன்பக்கத்தைக் காட்டித்தான் விலை கேட்பார்கள். வாங்கிய பிறகு உங்கள் காசு போவது கூரைக்கும் பின்சுவருக்கும். அதனால் எந்த ஊரில் பார்த்தாலும் முதலில் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போங்கள்.

அதற்கு முன் விலையை இரண்டாகப் பிரிக்கத் தெரிய வேண்டும். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஓர் ஏக்கர். அதே ரோட்டில், அதே மாதிரிச் சரிவில், வெறும் காணி பேர்ச் என்ன விலைக்குப் போனது என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். தரகரிடம் மட்டும் கேட்காதீர்கள். மூலைக் கடைக்காரருக்குச் சரியாகத் தெரியும். காணியின் பெறுமதியைக் கழித்தால் மிஞ்சுவது வீட்டின் விலை. அதே அளவு வீட்டைப் புதிதாகக் கட்ட எவ்வளவு என்று ஒரு பாஸிடம் கேளுங்கள். மிஞ்சிய தொகை அதையும் தாண்டினால் அந்த அதிகப்படி காட்சிக்கும் பாணிக்கும் ஊர்ப்பெயருக்கும் போகிறது. கொடுப்பது தப்பில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம். இன்னொன்று, சமதரையை எண்ணுங்கள். பிளானில் இருபது பேர்ச் இருக்கும், கதிரை போட்டு உட்கார எட்டு பேர்ச்தான் தேறும்.

இனி ஊர் ஊராகப் போவோம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1848 இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கே ஆங்கிலக் கிராமம் ஒன்றை உண்டாக்க வந்தார். அந்தக் காலத்து மோகத்தின் அடையாளமாக 1894 இல் கட்டிய சிவப்புச் செங்கல் தபால் நிலையம் இன்றும் நிற்கிறது. அந்தப் பாணிக்குக் காரணம் உண்டு. செங்குத்தான கூரை மழையை நிற்க விடாது. தடித்த சுவரும் கணப்பும் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும் இரவுகளுக்கு. காரணத்தோடு கட்டிய வீட்டையும் போட்டோவுக்குக் கட்டிய வீட்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். வெளியே சிம்னி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு உள்ளே போய் அதன் கணப்பைத் தேடுங்கள். கிடைத்தால் உள்ளே காகிதத்தைக் கொளுத்தி, புகை மேலே போகிறதா, முகத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். மரத்தரை இருந்தால் தரைக்குக் கீழே காற்றுப் போக வெளிச்சுவரில் ஓட்டைகள் இருக்க வேண்டும். அவற்றை யாராவது அடைத்திருந்தால் மரம் உளுத்திருக்கும். அலுமாரியை நகர்த்தி அதன் முதுகை மோந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம், ஈரம் முதலில் அங்கேதான் வரும்.

நுவரெலியா விலையை ஏற்றுவது ஏப்ரல் சீசன். கிரகரி வாவிக்கும் ரேஸ் கோர்ஸுக்கும் பக்கத்தில் சுற்றுலா பங்களாவாக விடலாம் என்றுதான் கொழும்பு ஆட்கள் வாங்குகிறார்கள். சித்திரை வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி வருமானம் காட்டினால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஹட்டன் கதையே வேறு. அங்கே சிம்னியும் இல்லை, வாவியும் இல்லை, ஆனாலும் பேர்ச் விலை கையைச் சுடும். நகரத்தைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டக் காணிகள் அரசுக்குப் போயின, 1992 இலிருந்து அவற்றைக் கம்பனிகள் நடத்துகின்றன. தேயிலைக்குள் நகரம் பரவ முடியாது. உறுதிப் பத்திரத்தோடு விற்கக்கூடிய துண்டு காணி கொஞ்சம்தான். லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு வெளியேறக் காசு சேர்க்கும் ஆசிரியர்கள், கடைக்காரர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எல்லாரும் அந்தக் கொஞ்சத்துக்குத்தான் போட்டி போடுகிறார்கள். அதனால் வீடு மேலேயும் கீழேயும் வளர்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பள்ளத்திலிருந்து பார்த்தால் மூன்று. இப்படிப்பட்ட வீட்டில் வரவேற்பறைக் கிரனைட்டைப் பிறகு ரசிக்கலாம். முதலில் கீழே இறங்கித் தூண்களின் அடியைப் பாருங்கள். மண்ணை அணைத்து நிற்கும் உள்சுவரைக் கையால் தடவுங்கள். ஸ்லாப்புக்கு மேல் கம்பி நீட்டிக்கொண்டு நின்றால் அடுத்த மாடிக்கு ஆசைப்பட்டு விட்ட கம்பி அது. துருப்பிடித்திருந்தால் மழை அதன் வழியாகத்தான் இறங்குகிறது. ஸ்லாப்புக்கு மேல் தகரக்கூரை போட்டிருந்தால் அசிங்கம் என்று நினைக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை கொட்டுகிற ஊரில் அதுதான் புத்தி.

மலையைத் தாண்டி எங்கள் ஊவாப் பக்கம் வந்தால் கணக்கு தலைகீழ். ஆடியில் ஹட்டன் நனையும், இங்கே கச்சான் காற்று காய வைக்கும். எங்களுக்கு மழை ஐப்பசிக்குப் பிறகு. பண்டாரவளையில் குளிர் மிதம் என்பதால் ஓய்வு பெற்றவர்கள் தேடி வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தது ஓட்டுக் கூரை, நீளமான இஸ்தோப்பு (முன் வராந்தா), படி ஏறாத ஒற்றைத் தள வீடு. ஆகவே இங்கே சமதரைக்குத்தான் விலை. ஹப்புத்தளையில் காற்று பெரிய சோதனை. கூரை ஓரத்துத் தகடு எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று ஏணி வைத்தே பாருங்கள். போன கையோடு 1931 இல் கட்டிய அடிஷாம் பங்களாவையும் பாருங்கள், உண்மையான கல்வீட்டின் கனம் கண்ணுக்குப் பழகும். ஊவாவில் எந்த வீடானாலும் ஓகஸ்ட் மாதம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், விற்பவரிடம் அல்ல. எல்லவில் மட்டும் பாணியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அங்கே சுற்றுலாக்காரருக்கு விடும் அறைக் கணக்கில்தான் வீட்டை விற்கிறார்கள்.

கண்டியில் இரண்டு சரிவாக மடிந்து இறங்கும் கண்டியக் கூரைக்குத் தனி மவுசு. இறவாரம் நன்றாக வெளியே நீண்டிருந்தால்தான் அந்தக் கூரை சுவரைக் காக்கும். குட்டையாக வெட்டி மாடிக்குத் தொப்பி போல வைத்திருந்தால் அது அலங்காரம். சரிவில் வீடு கட்டுவது எப்படி என்பதற்கு கட்டடக் கலைஞர் மினெட் த சில்வா கண்டியில் 1951 அளவில் முடித்த கருணாரத்ன வீட்டைத்தான் நான் எப்போதும் சொல்வேன். மலையை வெட்டிச் சமதரையாக்காமல், சரிவோடு சேர்ந்து தளங்களை ஏற்றி இறக்கிய வீடு அது. அப்படிப்பட்ட வீடு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

தோட்டத்தில் லயக் காம்பரா ஒன்றை முன்னுக்கு இழுத்து, டைல்ஸ் பதித்து, "விலைக்கு இருக்கு" என்று யாராவது சொன்னால் உறுதிப் பத்திரத்தைக் கேளுங்கள். அநேகமாக இருக்காது. மூன்று தலைமுறை குடியிருந்தும் காம்பரா அவர்கள் பெயரில் இல்லை, அதுதான் எங்கள் ஆட்களின் வயிற்றெரிச்சல். பாவம் பார்த்துக் காசு கொடுத்தாலும் உங்கள் கைக்கு வருவது வெறும் கடதாசி.

சரி, இப்போது பின்பக்கம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாங்கள் மறக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர் எவ்வளவு உயரம், அதற்கும் வீட்டுக்கும் இடையில் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளைகள் இருக்க வேண்டும். மேலே தண்ணீர் வடியக் கான் வெட்டியிருக்கிறதா, அது சருகு அடைத்துக் கிடக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். சாய்ந்த மரம், தரையில் புது வெடிப்பு, இறுகிப்போன கதவு, திடீரெனக் கலங்கிய ஊற்று, இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் பேரம் பேச வேண்டாம். நல்ல வீடு என்றாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேளுங்கள். உள்ளூராட்சிச் சபை அனுமதித்த பிளானில் எத்தனை மாடி, நேரில் எத்தனை என்று ஒப்பிடுங்கள். காணிப் பதிவகத் தேடலை உங்கள் நொத்தாரிசே (உறுதி எழுதும் சட்டத்தரணி) செய்யட்டும், விற்பவர் கொண்டுவரும் நொத்தாரிசு வேண்டாம். முத்திரைத் தீர்வையையும் பட்ஜெட்டில் போடுங்கள்: முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4.

தம்பி பார்த்த வீட்டின் பின்னால் இருந்த தடுப்புச் சுவரில் அந்தத் துளைகளைச் சிமெண்டால் அடைத்து வெள்ளை அடித்திருந்தார்கள், போட்டோவில் அழகாக வரட்டும் என்று. அவன் அதை விட்டுவிட்டான். இப்போது தியத்தலாவையில் ஒன்று பார்த்திருக்கிறான். நவம்பரில் நல்ல மழை நாளாகப் பார்த்துப் போ என்றேன்.

"மழையில எப்படிக்கா வீடு பாக்கிறது?"

குடையைக் கொண்டு போ, சப்பாத்தைக் காரிலேயே வை, செருப்போடு பின்பக்கம் இறங்கு என்றேன்.