மூன்று கட்டுரைகளை ஒரே சமயத்தில் எழுதி முடித்த விதம்

குடும்பவியல் முதுகலையின் கடைசிப் பருவம். பிரான்ஃபென்பிரென்னரின் சூழலியல் கோட்பாடு (ஒருவரைச் சுற்றியுள்ள குடும்பம், அக்கம்பக்கம், சமூகம் ஆகியவற்றை ஒன்றைச் சுற்றி ஒன்றான வட்டங்களாகப் பார்ப்பது), 1984 குடும்ப நீதிமன்றச் சட்டம், 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்று மூன்று கட்டுரைகள். தினமும் மூன்றையும் தொட்டேன். பத்து நாளில் எதுவும் இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை.

அப்புறம் மாற்றினேன். காலையில் ஒரே கட்டுரை, முதல் வரைவு முடியும்வரை. மாலையில் மற்ற இரண்டுக்கும் படிப்பு மட்டும்.

பராமரிப்புச் சட்டத்தை முதலில் எடுத்தேன். அதில் பிடிமானம் இருந்தது: பிள்ளைகள் தர வேண்டிய பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு, நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் தீர்வு. படிக்கும்போது பாட்டி நினைவு வந்து அழுதுவிட்டேன். சரி, அன்று எழுதவில்லை. நான்கு நாளில் வரைவு முடிந்தது. முதியவரைச் சுற்றி மகன், அண்டை வீடு, தீர்ப்பாயம் என்று வரைந்த வட்டங்கள்தான் கோட்பாட்டுக் கட்டுரைக்கும் உதாரணமாயின.