ஆமை வராத இரவையும் எழுதுங்கள்: பருவகாலக் களப்பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மழை விட்டுத் தை பிறக்கும் நாள்களில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் மணலில் நடந்து போகும் கூட்டம் ஒன்று உண்டு. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறிய இடங்களைத் தேடிப் போகிறவர்கள் அவர்கள். 1970களில் தொடங்கிய இந்த நடையை 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு ஆண்டுதோறும் நடத்திவருகிறது. வனத்துறையும் தமிழகக் கடற்கரையில் பல இடங்களில் பொரிப்பகங்களை, அதாவது கூடுகளிலிருந்து எடுத்துவந்த முட்டைகளைப் புதைத்துக் குஞ்சு பொரிக்கும் வரை காக்கும் இடங்களை, அமைக்கிறது. இவை தவிர, மீன் இறங்குதளங்களில் பிடிப்பளவைக் கணக்கெடுப்பது, ஆண்டின் முதல் மாதங்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு, 2006 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பு என்று சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ மட்டும் ஆள் தேவைப்படும் வேலைகள் பல உள்ளன. சிலவற்றுக்குச் சம்பளம் உண்டு, சிலவற்றுக்குப் படிக்காசு மட்டும் உண்டு, சிலவற்றில் தேநீரோடு சரி.

கடற்கரையிலும் இறங்குதளத்திலுமாக ஐந்து பருவங்கள் வேலை செய்தவன் என்ற முறையில், புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளைப் பற்றி எழுதுகிறேன். அவற்றில் பாதிக்கு மேல் நானே செய்தவை. விலங்குகள் மீதுள்ள பிரியத்தால்தான் எல்லோரும் வருகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் பருவம் முடிந்து அவர்கள் ஊர் திரும்பியபின் அங்கே எஞ்சுவது அவர்கள் எழுதிய குறிப்பேடு ஒன்றுதான். ஆய்வகத்தில் ஒரு சோதனை பிழையானால் மறுநாள் திரும்பச் செய்யலாம். பிப்ரவரியில் தவறவிட்ட இரவை மார்ச்சில் போய்ப் பிடிக்க முடியாது.

முதலும் பெரிதுமான தவறு, ஒன்றும் கிடைக்காத நாளை எழுதாமல் விடுவது. ஏழு கிலோமீட்டர் நடந்து, ஒரு தடமும் காணாமல், விடியற்காலையில் கால் வலியோடு வந்து படுப்பவருக்கு எழுத என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அன்றைய பக்கம் வெறுமையாக இருந்தால், அன்று ஆமை வரவில்லையா, நடக்கவே யாரும் போகவில்லையா, போய்ப் பாதியில் திரும்பினார்களா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், எங்கிருந்து எங்கு வரை நடந்தோம், எத்தனை பேர், நிலவு இருந்ததா, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, கூடு பூஜ்யம் என்று நாலு வரி எழுதினால், அந்த வெற்று இரவும் கணக்கில் சேர்ந்துவிடும். சராசரி எடுக்கும்போது ஆமை வந்த இரவுகளை மட்டும் வைத்து வகுத்தால், கடற்கரை முழுக்க ஆமை நிறைந்திருந்தது போல ஒரு பொய்யான சித்திரம்தான் கிடைக்கும்.

இதோடு ஒட்டிய சிறு குழப்பம் தேதி. இரவு பதினொன்றரைக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடியும் நடையில், ஒரு மணிக்குக் கண்ட கூட்டை ஒருவர் 14ஆம் தேதி என்றும் மற்றவர் 15ஆம் தேதி என்றும் எழுதுவார்கள். குஞ்சு வெளிவரும் நாளைக் கணக்கிடும்போது ஒரே கூடு இரண்டாகியிருக்கும். "14-15 இரவு" என்று இரண்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் இதைத் தீர்த்துவிடும். இடக்குறிப்பிலும் இதே கதைதான். நீலாங்கரையின் அட்சரேகை ஏறத்தாழ 12 டிகிரி 57 நிமிடம். தசமத்தில் எழுதினால் 12.95. இரண்டின் வேறுபாடு தெரியாத ஒருவர் 12.57 என்று எழுதிவிட்டால், அந்தக் கூடு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து மாமல்லபுரத்துக்கும் தெற்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கைப்பேசியில் எந்த வடிவம் காட்டுகிறது என்பதை முதல் நாளே பார்த்து, எல்லோரும் ஒன்றையே பின்பற்ற வேண்டும்.

எதில் எழுதுவது என்பதும் சின்ன விஷயமல்ல. என் முதல் பருவத்தில் ஜெல் பேனாவால் அழகாக எழுதி, குறிப்பேட்டைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முட்டைப் பையைத் தூக்க அலையோரம் குனிந்தேன். அறைக்கு வந்து விரித்தபோது பன்னிரண்டு நாள் எழுத்தும் நீலக் கறையாகப் பரவியிருந்தது. அன்றிலிருந்து பென்சில்தான், அன்றாடம் காலையில் தூங்கப் போகும் முன் பக்கத்தைப் படம் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பிவிடுவதும் வழக்கமாயிற்று.

கரையேறிய ஆமையெல்லாம் முட்டையிடுவதில்லை. நாய் குரைத்தாலோ வெளிச்சம் பட்டாலோ இடம் பிடிக்காமலோ சும்மா திரும்பிவிடுவதும் உண்டு. புதியவர்கள் தடத்தைக் கண்டதும் கூடு என்று எழுதிவிடுகிறார்கள். முட்டையிட்ட இடத்தில் மணல் வாரி இறைக்கப்பட்டிருக்கும், ஆமை தன் உடலால் இடம் வலமாகத் தட்டி இறுக்கிய அடையாளம் இருக்கும். ஐயமிருந்தால் ஐயம் என்றே எழுதலாம். முட்டைக் குழியைத் தேடக் குச்சியால் குத்திப் பார்ப்பது அனுபவப்பட்ட கைக்கு மட்டுமே உரிய வேலை. மணல் திடீரென்று இளகும் அந்தக் கணத்தில் கை நிற்காவிட்டால் முட்டை உடையும். பார்த்து முடித்த தடத்தைக் குறுக்கே காலால் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் குழு அதையே மறுபடி எண்ணும்.

முட்டைகளைக் கூட்டிலிருந்து பொரிப்பகத்துக்கு இடம் மாற்றுவதில் நேரம்தான் எல்லாம். ஒரு கூட்டில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். அதற்குப் பின் கரு முட்டையின் மேற்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும், அந்நிலையில் முட்டை புரண்டால் கரு பிழைப்பது அரிது. ஆகவே நண்பர்கள் வந்து பார்க்கட்டும் என்று காத்திருப்பதும், பையை வண்டியின் பின்னிருக்கையில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோவதும் செய்யக் கூடாதவை. பொரிப்பகத்தில் குழி வெட்டும்போது நேராக வாளி போல வெட்டிவிடுவார்கள். ஆமை வெட்டும் குழி அப்படி இராது. ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்து குறுகி, அடிப்புறம் பானை போல அகன்றிருக்கும். முழங்கை வரை கையை விட்டு, அடியில் பக்கவாட்டில் மணலை வழித்தெடுத்து அந்த வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். வடிவமும் ஆழமும் ஏன் முக்கியமென்றால், குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் வெப்பம்: சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். அவசரத்தில் ஆழம் குறைத்து வெட்டிய குழி வரிசை முழுவதிலும் ஆண் பெண் கணக்கு மாறிப்போகக் கூடும்.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு குஞ்சுகள் மேலே வரும்போது நடப்பதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. ஓரிடத்தில் இரவு இரண்டு மணிக்கு வெளிவந்த குஞ்சுகளைக் காலையில் சிறப்பு விருந்தினர் வந்து கடலில் விடுவதற்காகத் தொட்டியில் வைத்திருக்கச் சொன்னார்கள்; விருந்தினர் எட்டரைக்கு வந்தார். பெயர் வேண்டாம். முதல் நாளில் கரையைத் தாண்டி ஆழத்துக்கு நீந்திச் செல்வதற்கென்றே குஞ்சிடம் ஓர் ஆற்றல் இருக்கிறது. தொட்டியில் சுற்றிச் சுற்றி அதைச் செலவழித்த குஞ்சு, காக்கைகள் விழித்தபின் களைத்துப்போய்க் கடலில் இறங்குகிறது. விளக்கை அணைத்து, மணலில் சில அடி தானாக நடக்கவிட்டு, வெளிவந்த இரவிலேயே விடுவதுதான் முறை. இதைச் சொல்லும் இடத்தில் தற்காலிகப் பணியாளர் இருப்பதில்லை என்பது உண்மை. அப்படியானால் வெளிவந்த நேரத்தையும் விட்ட நேரத்தையும் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதிவிடுங்கள். ஆறரை மணி நேர இடைவெளி தானே பேசும்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது, கணக்கெடுக்கப் போகிறவர்கள் செய்யும் இன்னொரு தவறின் விலை எனக்கு நன்றாகப் புரிந்தது. செத்த ஆமையைக் கண்டதும் "வலையில் சிக்கிச் செத்தது" என்று காரணத்தை எழுதிவிடுவதே அது. பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கலாம்; படகு கடலில் இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவை மடியில் மாட்டிய ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. ஆனால் காரணம் பிரேதப் பரிசோதனையில் தெரிய வேண்டியது. நாம் எழுத வேண்டியவை ஓட்டின் நீளம், வால் நீண்டிருக்கிறதா (நீண்டால் ஆண்), உடல் புதிதா அழுகியதா, காயம் எங்கே என்பவை. எண்ணியதும் ஓட்டில் பெயின்ட் அடையாளம் இட வேண்டும். காரணத்தை நாமே முடிவு செய்து அதைக் குப்பத்தில் போய்ச் சத்தமாகவும் பேசினால், மறுநாள் "தம்பி, அங்கே ஒன்று ஒதுங்கிக் கிடக்கிறது" என்று சொல்ல ஆள் இருக்காது. விசைப்படகின் இழுவை மடிக்கும் கரையோரத்து ஃபைபர் படகில் மீனின் செவுளைச் சிக்கவைக்கும் செவுள் வலைக்கும் வேறுபாடு தெரியாமல் "மீனவர்கள்" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வது, நம் அறியாமையை அவர்களிடமே அறிவிப்பதாகும்.

மீன் இறங்குதளத்து வேலை வேறு வகையானது. அங்கே தூக்கத்தைவிட ஏலம்தான் எதிரி. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கெடுப்பு முறையில், தேர்ந்தெடுத்த தளத்தில் முதல் நாள் பகல் 12 முதல் மாலை 6 வரையும் மறுநாள் காலை 6 முதல் பகல் 12 வரையும் நேரில் நின்று பதிவு செய்து, இடைப்பட்ட இரவில் வந்தவற்றை விசாரித்து அறிகிறார்கள். இதில் புதியவர் செய்யும் பிழை, கண்ணுக்குப் பெரிதாகப் படும் படகை நோக்கிப் போவது. கூட்டம் கூடிய இடத்தில்தான் நல்ல பிடிப்பு இருக்கும். அதை மட்டும் எழுதினால் அன்று எல்லாப் படகும் நிறைந்து வந்ததாக ஆகிவிடும். வந்த படகு மொத்தம் எத்தனை என்பதை எண்ணிக்கொண்டு, முன்பே தீர்மானித்த இடைவெளியில் படகுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறுங்கையோடு வந்த படகு அந்த வரிசையில் விழுந்தால் அதையும் எழுத வேண்டும்.

கூடையிலிருந்து நீளம் அளக்க மீன் எடுக்கும்போது மேலே கிடப்பதை எடுக்காதீர்கள். ஏலத்துக்கு வைக்கிறவர் பெரிய மீனை மேலே அடுக்கித்தான் வைப்பார். அது வியாபாரம், ஏமாற்று அல்ல. கூடை அடுக்கப்படுவதற்கு முன்பே போய், கிடைத்தபடி ஒரு பங்கை எடுத்து, அதில் உள்ள எல்லாவற்றையும் அளக்க வேண்டும். அளவை வால் நுனி வரையா, வாலின் கவட்டை வரையா என்பதையும் தாளின் தலைப்பிலேயே எழுத வேண்டும்; சூரை, அயிலை போன்ற மீன்களில் இந்த இரண்டுக்குமான வேறுபாடு சிறிதல்ல. ஏலம் நடக்கும்போது விற்பவரிடம் எடை கேட்டால் பதில் வராது. வந்தாலும் அது தரகரின் காதுக்காகச் சொன்ன எடையாக இருக்கும்.

பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். சென்னையில் ஷீலா என்றால் நீண்ட வாயும் கூரிய பல்லும் கொண்ட ஊளி மீன். தூத்துக்குடிப் பக்கத்தில் சீலா என்றால் சென்னைக்காரர் வஞ்சிரம் என்பதும் குமரிக்காரர் நெய்மீன் என்பதும் ஆகிய மீன். ஊர்ப்பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் படமும் அறிவியல் பெயரும் சேர்த்தால் போதும். ஊர்ப்பெயரை நாமாகத் திருத்தி எழுதுவதுதான் கேடு.

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள்களில், வேலை இல்லை என்று ஊருக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போய்வருகின்றன, அந்த மீன் அப்போது என்ன விலைக்குப் போகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

காட்டு வேலையைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. நேர்கோட்டுப் பாதையில் நடந்து விலங்குகளை எண்ணும்போது இரண்டு தவறுகளைக் கண்டிருக்கிறேன். மான் நகர்ந்தபின் நின்ற இடத்துக்குத் தூரம் அளப்பது ஒன்று. முதலில் கண்ட இடத்துக்குத்தான் அளக்க வேண்டும். எல்லாத் தூரத்தையும் பத்து, இருபது, ஐம்பது என்று முழுப் பத்துகளாக மதிப்பிடுவது மற்றொன்று. யானை நடமாடும் இடத்தில் உடன் வரும் வேட்டைத் தடுப்புக் காவலர் நில் என்றால் நிற்பது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலையில் சேரும் முன் கேட்கத் தயங்குவதும் தவறுதான். தருவது சம்பளமா ஊக்கத்தொகையா, எந்தத் தேதியில் வரும், போக்குவரத்துச் செலவு யாருடையது, தங்குமிடத்தில் பகலில் தூங்க முடியுமா, விபத்துக் காப்பீடு உண்டா, சான்றிதழில் மாதங்கள் குறிக்கப்படுமா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆமையும் அதன் முட்டையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எனவே அவற்றைத் தொடுவதற்கான அனுமதிக் கடிதத்தில் உங்கள் குழுவின் பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கையில் குஞ்சோடு எடுத்த படத்தை இடக்குறிப்போடு இணையத்தில் போடுகிறவர்கள், தம்மையும் கூட்டையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கிறார்கள்.

கடைசி நாளில் எல்லோரும் பேருந்துக்கு ஓடுவதால் நேரும் தவறு ஒன்று மீதியிருக்கிறது: குறிப்பேட்டில் பயன்படுத்திய சுருக்கங்களுக்கு விளக்கம் எழுதாமல் ஒப்படைப்பது. என் மூன்றாம் பருவத்துக் குறிப்பேட்டைப் படித்த அடுத்த ஆண்டுப் பையன் ஒருவன் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, பக்கம் முழுக்க 'சி' என்று போட்டிருக்கிறீர்களே, அது என்ன?" என்று கேட்டான். சிதைந்தது, சிறியது, சினை என்று மூன்று சொற்கள் நினைவுக்கு வந்தன. எந்தப் பக்கத்தில் எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.