கன்று வாங்கும் முன் குனிந்து பாருங்கள்

மழை பிடித்துவிட்டால் கொடைக்கானலில் என் நாற்றங்காலுக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஆயிரம் கன்று வேண்டும், கரியமில வாயுவைக் குறைக்கப் போகிறோம் என்பார்கள். எங்கே நடப் போகிறீர்கள் என்று கேட்டால், "மன்னவனூர்ப் பக்கம் மேடெல்லாம் சும்மாதானே கிடக்கிறது" என்று பதில் வரும். அவர்களுக்கு நான் கன்று கொடுப்பதில்லை.

சும்மா கிடப்பதாகச் சொல்லும் அந்த மேடுதான் மலைப் புல்வெளி. அதன் கார்பனில் பெரும்பகுதி வேரிலும் கறுத்த மண்ணிலும் இருக்கிறது. தீ வந்தால் மேற்புல் எரியும். அடியில் சேர்ந்தது பெரும்பாலும் தப்பிக்கும், அடுத்த மழையில் புல் தளிர்த்துவிடும். அதே இடத்தில் தைல மரத்தோப்பு இருந்தால், பல வருடச் சேமிப்பு ஒரு வறண்ட கோடையில் புகையாகலாம். சோலை என்னும் பசுமை மாறா மலைக்காட்டின் கன்றை நட்டாலோ, மார்கழி உறைபனியிலேயே கருகிப்போகும். 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோப்புக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது. மிச்சத்தையாவது விட்டுவையுங்கள்.

ஆகவே முதலில் நிலத்தைப் பாருங்கள். ஓடை இறங்கும் மடிப்பில், கிளையெல்லாம் பாசி படர்ந்து மரங்கள் நெருங்கி நின்றால் சோலை. திறந்த சரிவில் புல்லுக்கு நடுவே காட்டுப் பூவரசு தனியாக நின்றால் புல்வெளி. ரோடோடென்ட்ரான் என்று சுற்றுலா வருபவர்கள் படமெடுப்பது இதைத்தான். அதன் தடித்த பட்டை தீயைத் தாங்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் என்ற சீகை மரத் தோப்பானால் குனிந்து சருகை விலக்குங்கள். பழைய தோப்பின் நிழலில், பறவை போட்ட விதையிலிருந்து நாவல் இனக் கன்றுகள் இரண்டு இலையோடு நிற்கும். அங்கே மொத்தமாக வெட்டிச் சாய்த்தால் வெயில் இறங்கி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வாட்டில் விதைகள் எழும்பிவிடும். பெரிய மரங்களை விட்டுவிட்டு, கன்றை நெருக்கும் கிளைகளை மட்டும் கழியுங்கள். புல்வெளிக்குள் புதிதாக நுழைந்த வாட்டில் செடி வேறு: மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டியதுதான். கொளுத்திவிட்டால் வேலை சுலபம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். சூடு பட்டால்தான் அந்த விதை நன்றாக முளைக்கும். வனத்துறை நிலமானால், அனுமதி இல்லாமல் இதில் எதையும் செய்யாதீர்கள்.

சோலை மரத்தின் கார்பனை அளக்கத் தையல் நாடா போதும். சரிவின் மேட்டுப் பக்கம் நின்று, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் பாசியை ஒதுக்கிச் சுற்றளவு எடுங்கள். 94 செ.மீ. என்றால் 3.14ஆல் வகுக்க, விட்டம் 30. மரத்தின் உயரம் 12 மீட்டர், கட்டையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 30 × 30 × 12 × 0.6 = 6,480. செல்போன் கணிப்பானில் இதற்கு 0.976 அடுக்கு போட்டு, 0.0673ஆல் பெருக்குங்கள்: உலர் எடை சுமார் 353 கிலோ. அதில் 0.47 பங்கு, அதாவது 166 கிலோ, கார்பன். 3.67ஆல் பெருக்கினால் கரியமில வாயுக் கணக்கில் சுமார் 609 கிலோ. வேரும் மண்ணும் இதில் சேரவில்லை.

அளந்த இடத்தில் பெயின்டால் கோடு போடுங்கள், ஆணி வேண்டாம். அடுத்த முறை அதே கோட்டில் எடுத்தால்தான், மரம் பருத்ததா, நாடா இறங்கியதா என்பது தெரியும்.