லூபஸ் மருந்து எடுப்பவர்கள் பற்சிகிச்சைக்குச் செல்லுமுன்

வன்னியில் லூபஸ் (உடலின் நோய் எதிர்ப்பு உடலையே தாக்கும் நோய்) உள்ள ஒருவரின் கிளினிக் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ வவுனியா, கிளிநொச்சி போன்ற மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலோ இருக்க, பல்வலி வந்ததும் அவர் வீட்டுக்கு அண்மையிலுள்ள பல் வைத்தியரிடம் போவதே வழக்கம். அந்தப் பல் வைத்தியருக்கு நோயாளியின் மருந்துகளைப் பற்றி எதுவும் தெரியாது. நோயாளி “பல்லுக்குத்தானே” என்று அவற்றைச் சொல்லாமல் விடுவதும், அயலவர் சொன்னதைக் கேட்டு மாத்திரைகளைத் தானாகவே நிறுத்திவிட்டுப் போவதும் ஒன்றுக்கொன்று குறையாத ஆபத்துகள்.

ஆகவே முதல் ஆயத்தம் கிளினிக் கொப்பி. அதனுடன் மாத்திரைகளை அவை வந்த கடதாசி உறைகளோடேயே எடுத்துச் செல்லுங்கள். பலர் வீட்டுக்கு வந்ததும் உறையைக் கிழித்தெறிந்துவிட்டு மாத்திரைகளைப் பழைய போத்தலில் கொட்டி வைக்கிறார்கள். வெள்ளை நிறத்தில் வட்டமாக உள்ள மாத்திரை எதுவென்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. பெயர், மில்லிகிராம் அளவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்ற மூன்றும் உறையிலேயே எழுதப்பட்டிருக்கும். தனியார் பாமசியில் வாங்கிய மருந்து, நாட்டு வைத்தியரின் கசாயம், கடையில் வாங்கிய வலி மாத்திரை ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பல் பிடுங்குதல் போன்ற சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டதும், இயன்றால் அதற்கு முன்னரே உங்கள் கிளினிக் வைத்தியரிடம் அதைத் தெரிவித்து, பல் வைத்தியருக்கு ஒரு சிறு கடிதம் கேட்டுப் பெறுங்கள். நோய் இப்போது அடங்கியிருக்கிறதா, சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்டிருக்கிறதா, அண்மைய குருதிப் பரிசோதனையில் வெண்குருதிக் கலங்களும் குருதி உறைய உதவும் குருதிச் சிறுதட்டுக்களும் எந்த அளவில் உள்ளன என்பவை அதில் இருந்தால் போதும். சிறுதட்டுக்கள் 50,000இற்குக் கீழே இருப்பவருக்குச் சாதாரண பல் நாற்காலியில் வைத்துப் பல் பிடுங்குவது பாதுகாப்பானதல்ல. வைத்தியசாலையின் தனிப்பட்ட ஏற்பாடு தேவைப்படும். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவருக்கும், முன்னர் இதய உட்சவ்வில் தொற்று ஏற்பட்டவருக்கும் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் அன்ரிபயோடிக் கொடுக்கப்படுவதுண்டு. லூபஸ் உள்ள எல்லோருக்கும் அது தேவையில்லை.

மருந்துகளில் அதிகம் விளக்க வேண்டியது பிரட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரை. நாளொன்றுக்கு 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ நான்கு வாரங்களுக்கு மேலாக எடுத்துவருபவரின் உடல், தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீரொயிட்டைக் குறைத்துக்கொண்டுவிடும். இந்நிலையில் அந்த மாத்திரையைச் சட்டென நிறுத்தினால், காய்ச்சல், வலி, சத்திரசிகிச்சை போன்ற நெருக்கடிகளில் உடலுக்குத் தேவைப்படும் ஸ்டீரொயிட் கிடைக்காமல் குருதி அழுத்தம் விழுந்து, வாந்தியும் மயக்கமும் ஏற்பட்டு, உயிராபத்தாகவும் முடியலாம். எனவே அன்று காலை சாப்பிட்டுவிட்டு வழமையான அளவைக் கட்டாயம் எடுத்துக்கொண்டே செல்ல வேண்டும். விறைப்பூசி போட்டு ஒரு பல்லை அடைப்பதற்கோ பிடுங்குவதற்கோ பெரும்பாலும் அந்த வழமையான அளவே போதும். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் பெரிய சிகிச்சைக்கு மேலதிக அளவு தேவைப்படுவதால், அதை வைத்தியர்களே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும்.

ஹைட்ரொக்சிகுளோரோகுயினை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. அசாதயோபிரின், மைக்கோபினோலேட், மெதொட்ரெக்சேட் ஆகியவை நோய் எதிர்ப்பைக் குறைப்பதால் புண் ஆறுவது தாமதமாகலாம், தொற்றும் எளிதாகப் பற்றலாம். ஆனாலும் அவற்றை இடைநிறுத்துவதா என்பது கிளினிக் வைத்தியர் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு. சைக்கிளொபொஸ்பமைட் ஊசி ஏற்றப்பட்டவர் அந்தத் திகதியைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் ஊசிக்குப் பின் ஏறத்தாழ 8 முதல் 14 நாட்களுக்குள் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்திருக்கும். ஸ்டீரொயிட்டால் எலும்பு தேயாமலிருக்க வாரமொருமுறை அலன்ரோனேட் எடுப்பவர்களும் அதைச் சொல்ல மறக்கக்கூடாது. பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் சிக்கல், அரிதாக என்றாலும், அம்மருந்தோடு தொடர்புடையது.

குருதி உறைதல் பிரச்சினைக்காக, உறைதலைத் தடுக்கும் வாபரின் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். “பல் பிடுங்கினால் இரத்தம் நிற்காது” என்ற பயத்தில் அதை நிறுத்தினால், காலிலோ மூளையிலோ குருதி உறைந்துவிடக்கூடும். அது பல் குழியில் கசியும் குருதியை விடப் பலமடங்கு கொடியது. சிகிச்சைக்கு முந்தைய 24 மணித்தியாலங்களுக்குள், அளவு நிலையாக இருப்பவருக்கு 72 மணித்தியாலங்களுக்குள், குருதி உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து பார்த்து, அது 4இற்குக் குறைவாக இருந்தால் மருந்தை நிறுத்தாமலேயே ஓரிரு பற்களைப் பிடுங்கலாம் என்பதே இன்றைய நடைமுறை. பரிசோதனை எங்கே, எந்த நாளில் செய்யப்படுகிறது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வாரத்தின் தொடக்கத்தில், காலை நேரமாகப் பார்த்து நாள் கேளுங்கள்: மாலையானதும் பஸ் நின்றுவிடும் ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இரவில் குருதி கசிந்தால் வைத்தியசாலைக்கு வருவது எவ்வளவு பாடு என்பது அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும்.

பயணத்திலும் ஓர் ஆயத்தம் உண்டு, ஏனெனில் வெயில் லூபஸைக் கிளறிவிடும். நீளக் கைச் சட்டையும் குடையும் அவசியம். ஏ9 வீதியில் காலையில் யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும்போதும் பின்னேரம் வன்னிக்குத் திரும்பும்போதும் பஸ்ஸின் இடப்பக்க இருக்கையில்தான் பெரும்பாலும் நிழல் விழும்.

நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் பல் சுத்தம் செய்தல் போன்ற அவசரமற்ற வேலைகளைத் தள்ளிப்போடலாம். சீழ் கட்டிய பல்லை அப்படித் தள்ளிப்போடக்கூடாது. ஸ்டீரொயிட் எடுப்பவருக்குக் காய்ச்சலும் வீக்கமும் வெளியே அதிகம் தெரியாமலேயே தொற்று உள்ளே பரவலாம். கராம்பு எண்ணெய் வலியை மறைக்குமே தவிர, சீழைப் போக்காது.

மருந்து எழுதும்போது நீங்களே கேட்க வேண்டியவை சில உண்டு. டைக்குளோபினாக், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் லூபஸ் பாதித்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும், பிரட்னிசோலோனோடு சேர்ந்து வயிற்றில் புண்ணையும் உண்டாக்கும். ஈரல் நோய் இல்லாத வளர்ந்தவர்களுக்குப் பனடோலே பொருத்தம், அதுவும் 500 மில்லிகிராம் மாத்திரைகள் 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேற்படாமல். மெற்றோனிடசோல் என்ற அன்ரிபயோடிக் மாத்திரையும், வாய்ப் பூஞ்சணத்துக்குப் பூசும் மைக்கோனசோல் ஜெல்லும் வாபரினின் வேலையைக் கூட்டிவிடும். கோ-ட்ரைமொக்சசோல் என்ற சல்பா மருந்து லூபஸையே கிளப்பக்கூடியது.

பல் பிடுங்கியதும் துணித்துண்டை அரை மணி நேரம் இறுகக் கடித்திருங்கள். முதல் 24 மணித்தியாலத்துக்கு வாய் கொப்பளிக்காமல், வெற்றிலையும் போடாமல் இருந்து, மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புநீரால் மெதுவாகக் கொப்பளியுங்கள். மீண்டும் கடித்து அழுத்தியும் குருதி நிற்காவிட்டாலும், காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினாலும், தாடை வீங்கி விழுங்கவோ வாய் திறக்கவோ சிரமப்பட்டாலும், கிளினிக் நாள் வரை காத்திராமல் அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று, கொப்பியை முதலில் நீட்டுங்கள். பல் வைத்தியர் எழுதிய அன்ரிபயோடிக்கின் பெயரையும் திகதியையும் அதே கொப்பியில் எழுதுவித்துக்கொண்டால், அடுத்த கிளினிக்கில் குருதிப் பரிசோதனையைப் பார்க்கும் வைத்தியர் அதையும் கணக்கில் எடுப்பார்.