ரிமோட் பட்டன் வேலை செய்யவில்லையா? கறுப்புப் பொட்டை முதலில் அளந்து பாருங்கள்

ஒலியைக் கூட்டும் பட்டன், சேனல் மாற்றும் பட்டன், பவர் பட்டன். ரிமோட்டில் முதலில் மக்கர் செய்பவை இவைதான். விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால்தான் டிவி கேட்கும். பேட்டரி மாற்றிப் பார்ப்பார்கள், உள்ளங்கையில் தட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் புது ரிமோட் வாங்கிவிடுவார்கள். அதில் பல ரிமோட்டுகள் அரை மணி நேர வேலையில் பிழைத்துவிடக் கூடியவை. பழைய ஆம்ப்ளிஃபயர், இசைக் கீபோர்டு போன்றவற்றுக்கு மாற்றுப் பாகம் கிடைப்பதே கஷ்டம் என்பதால், அங்கே இந்த வேலை தெரிந்திருப்பது இன்னும் அவசியம்.

ரப்பருக்கு அடியில் நடப்பது

பட்டன்கள் எல்லாம் ஒரே சிலிக்கோன் ரப்பர் விரிப்பில் ('மேட்' என்பார்கள்) வார்க்கப்பட்டவை. ஒவ்வொரு பட்டனையும் சுற்றி, கவிழ்த்த கிண்ணம் போல மெல்லிய சரிவான சுவர் இருக்கும். அழுத்தும்போது அந்தச் சுவர் கொஞ்சம் எதிர்த்து நின்று, பிறகு சட்டென்று மடிந்து கொடுக்கும். விரலுக்குத் தெரியும் அந்த 'டக்' உணர்வு அங்கிருந்துதான் வருகிறது. பட்டன் கீழே இறங்கும் தூரம் ஏறக்குறைய 1 மி.மீ.தான்.

பட்டனின் அடியில் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். அதுவும் சிலிக்கோன்தான், ஆனால் கார்பன் தூள் நிறையக் கலந்தது. அதற்கு நேர் கீழே சர்க்யூட் போர்டில் இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்தது போன்ற தடங்கள். பற்கள் ஒன்றையொன்று தொடாது. பொட்டு வந்து உட்கார்ந்தால் இரண்டு சீப்பையும் இணைக்கும். சீப்பு வடிவம் எதற்கென்றால், விரல் எப்போதும் நேராக அழுத்தாது. பொட்டு சாய்ந்து விழுந்தாலும், ஓரத்தில் தூசி இருந்தாலும், ஏதோ இரண்டு பற்களாவது இணைந்துவிடும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. இது செம்பு செம்பைத் தொடும் சுவிட்ச் இல்லை. நல்ல நிலையிலுள்ள பொட்டே பத்துக்கணக்கில் தொடங்கிச் சில நூறு ஓம் வரை மின்தடை காட்டும். சிப், பட்டன் அழுந்தியதா என்பதை வோல்டேஜை வைத்து முடிவு செய்கிறது. உதாரணமாக, பட்டனிலிருந்து சிப்புக்குப் போகும் லைனை ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் பாசிட்டிவ் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது, பொட்டு அதைக் கிரவுண்டுக்கு, அதாவது நெகட்டிவ் பக்கத்துக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனின் வோல்டேஜ் சப்ளை வோல்டேஜில் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் சிப் அதை 'அழுத்தம்' என்று ஏற்கும் என்றால், பொட்டின் தடை சுமார் 4.3 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும். பொட்டு 500 ஓமாக இருந்தாலும் 2 கிலோ ஓமாக இருந்தாலும் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. 4 கிலோ ஓம் வரை வேலை செய்துகொண்டிருந்த பட்டன், 5 கிலோ ஓமைத் தாண்டியதும் செத்ததுபோல ஆகிவிடும். பலமாக அழுத்தினால் மட்டும் வேலை செய்வதும் இதனால்தான்: அழுத்தம் கூடக்கூடத் தொடும் பரப்பு கூடி, தடை எல்லைக்குள் இறங்குகிறது.

அந்தத் தடை ஏன் ஏறுகிறது? பொட்டு தேய்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது தேய்மானம் இல்லை. சிலிக்கோன் ரப்பர் காலப்போக்கில் உள்ளேயிருந்து மெல்லிய எண்ணெயைக் கசியவிடும். மேட்டைக் கழற்றினால் அடிப்பக்கம் பிசுபிசுவென்று இருப்பது அதுதான். அது மின்சாரத்தைக் கடத்தாது. விரல் வியர்வையும் ஓர இடுக்குகள் வழியாக இறங்கிச் சேர்ந்துகொள்ளும். படலம்தான் கோளாறு என்றால், சுரண்டுவது தவறு, கழுவுவதே சரி.

திறக்கும் முன்

போனின் கேமராவை ஆன் செய்து, ரிமோட்டின் முன்பக்க எல்.ஈ.டி.யைத் திரையில் பார்த்தபடி பட்டன்களை அழுத்துங்கள். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் ஊதா கலந்த வெளிச்சமாக மின்னும். சில போன்களின் பின்கேமரா இதை வடிகட்டிவிடும். அப்போது செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

அடிக்கடி பயன்படும் இரண்டு மூன்று பட்டன்கள் மட்டும் மின்னவில்லை என்றால் பொட்டுதான் காரணம். எந்தப் பட்டனுக்குமே மின்னவில்லை என்றால் பொட்டை விட்டுவிடுங்கள். பேட்டரி ஸ்பிரிங்கில் துரு, எல்.ஈ.டி. காலில் சால்டர் விரிசல், அல்லது கீழே விழுந்து உடைந்த ரெசனேட்டர் (சிப்புக்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் பாகம்) என்று தேட வேண்டும். பழைய ரிமோட்டுகளில் இந்த ரெசனேட்டர் பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ் என்று குறித்த இரண்டு கால் பாகம். அதிகம் தொடாத பட்டன்களும் சேர்ந்து ஒரு கூட்டமாகப் போயிருந்தால், அவை பகிர்ந்துகொள்ளும் ஒரு தடம் எங்கோ அறுந்திருக்கும். எதையும் தொடாமலே எல்.ஈ.டி. மின்னிக்கொண்டிருந்தால், உள்ளே ஈரம் அல்லது ஏதோ ஒரு பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கும் அதுவே காரணம்.

திறந்து அளப்பது

பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி அறைக்குள் திருகு இருக்கிறதா, ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மற்றபடி இரு பாதிகளும் கொக்கிகளால் பிடித்திருக்கும். காலாவதியான ஏ.டி.எம். கார்டின் விளிம்பை இடுக்கில் நுழைத்து ஓரமாக நகர்த்திக்கொண்டே வந்தால் ஒவ்வொன்றாக விடும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் கடிபடும், கொக்கியும் ஒடியும்.

மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். இரண்டு முனைகளையும் சுமார் 2 மி.மீ. இடைவெளியில் பொட்டின் மேல் லேசாக ஊன்றி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே மேட்டில் யாருமே தொடாத ஒரு பட்டனின் பொட்டை அதே இடைவெளியில், அதே அழுத்தத்தில் அளவிடுங்கள். தனி எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், முனையை ஊன்றும் விதத்திலேயே அது மாறும். ஒப்பீடுதான் முக்கியம். தொடாத பட்டன் சில நூறு ஓம் காட்டி, தகராறு பட்டன் பல கிலோ ஓம் காட்டினால் குற்றவாளி பொட்டுதான்.

போர்டையும் சோதித்துவிடுங்கள். பேட்டரியை மாட்டி, அந்தப் பட்டனின் இரு சீப்புகளையும் ஒரு சிறு அலுமினியத் தாள் துண்டால் மெதுவாகத் தொட்டு இணையுங்கள். எல்.ஈ.டி. மின்னினால் போர்டும் சிப்பும் நலம்.

கழுவுவது

மேட்டுக்குப் பாத்திரம் துலக்கும் லிக்விட் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கலந்து, மேட்டைப் பத்து நிமிடம் ஊறவைத்து, மெத்தென்ற டூத் பிரஷால் இரு பக்கமும் தேயுங்கள். பொட்டின் மேல் பிரஷ் அழுத்த வேண்டாம். சோப்பு துளியும் இல்லாதபடி அலசி, நிழலில் சில மணி நேரம் உலரவிடுங்கள். பட்டனின் குழிகளுக்குள் தண்ணீர் தேங்கும், உதறிவிட்டு அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள்.

காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு பொட்டையும் துடையுங்கள். பஞ்சு கொஞ்சம் கறுப்பது சகஜம். மையாகக் கறுத்தால் அத்துடன் நிறுத்துங்கள், கார்பனே வந்துகொண்டிருக்கிறது. அடுத்து, வெள்ளைத் தாளில் பொட்டை மூன்று நான்கு முறை லேசாக இழுத்தால் மேலிருந்த மெழுகுத்தன்மை போய்ப் புது முகம் தெரியும். மறுபடி அளந்து பாருங்கள்.

போர்டின் சீப்புகள் எந்த வகை என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கறுப்பாக, மங்கலாக இருந்தால் அது செம்பின் மேல் அச்சிட்ட கார்பன் மை. ஆல்கஹால் ஈரத்தில் ஒரே திசையில் இரண்டு முறை துடைத்தால் போதும். உப்புத்தாள், பிளேடு, ரப்பர் எதுவும் கூடாது. அந்த மை போனால் பழையபடி பூசுவது கடினம். தங்க முலாமும் மிக மெல்லியது, அதையும் தேய்க்கக் கூடாது. வெறும் செம்பு கறுத்திருந்தால் மட்டும் பென்சில் அழிக்கும் ரப்பரை லேசாகப் பயன்படுத்தலாம்.

ஆல்கஹாலுக்குப் பதில் சானிடைசர் வேண்டாம்: அதில் பொதுவாகக் கிளிசரின் இருக்கும், காய்ந்தபின் அதுவே புதுப் படலமாகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் எண்ணெயை விட்டுச் செல்லும். பெட்ரோல் பட்டால் சிலிக்கோன் உப்பி வடிவம் கெடும். தின்னர் கார்பன் மையைக் கரைக்கலாம், பிளாஸ்டிக் உறையையும் கெடுக்கும்.

கழுவியும் சரியாகவில்லை என்றால்

அப்போதுதான் பொட்டு உண்மையிலேயே தேய்ந்திருக்கிறது. சிறந்த வழி, புதுக் கார்பன் பொட்டுகளும் சிலிக்கோன் பசையும் சேர்ந்து வரும் பழுதுபார்ப்பு கிட். அது கிடைக்காவிட்டால், எப்போதும் பயன்படாத ஒரு பட்டனின் பொட்டை மெல்லிய பிளேடால் சீவி எடுத்து ஒட்டலாம். எந்தப் பசை என்பதில் கவனம் தேவை. சூப்பர் குளூ சிலிக்கோனில் பிடிக்காது, சில நாளில் பொட்டு உதிர்ந்து போர்டின் மேல் கிடக்கும். சிலிக்கோன் பசைதான் சிலிக்கோனைப் பிடிக்கும். வினிகர் வாசனை வரும் சிலிக்கோன் சீலண்ட் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டுச் செம்பை அரிக்கும். எனவே ஒட்டிய மேட்டைத் திறந்தபடி 24 மணி நேரம் காயவைத்த பிறகே போர்டின் மேல் பொருத்துங்கள். பசையைக் குண்டூசி முனையளவு வையுங்கள். தடிமனாகப் பூசினால் இருக்கும் 1 மி.மீ. இடைவெளி குறைந்து, தொடாமலே பட்டன் அழுந்தி நிற்கும்.

பொட்டின் மேல் பூசக் கார்பன் கலந்த மின்கடத்தும் பெயின்ட்டும் நன்றாக வேலை செய்யும். பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்தபின் மெல்லிய ஒரு பூச்சு போதும். 6பி பென்சிலால் பொட்டில் தேய்ப்பது அவசரத்துக்கு உதவும், நீடிக்காது.

அலுமினியத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உடனே வேலை செய்வதால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் தாளின் கூரான ஓரம் கார்பன் மையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிவிடும், அலுமினியத்தின் மேல் ஆக்சைடும் படியும். மேட்டைக் காப்பாற்றப் போய் போர்டை இழப்பது நல்ல பேரம் இல்லை. வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

இசைக் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு பொட்டுகள் இருக்கும். ஒன்று முன்னும் மற்றது பின்னும் தொடும், இடைப்பட்ட நேரத்தை வைத்தே எவ்வளவு வேகமாக வாசித்தீர்கள் என்று கருவி கணக்கிடுகிறது. ஒரு கட்டை மட்டும் எப்படி வாசித்தாலும் அலறுகிறது என்றால், பெரும்பாலும் அந்த ஜோடியில் ஒன்றில் படலம் படிந்திருக்கிறது. கழுவும் முறை மேலே சொன்னதேதான்.

மூடும்போது

மேட்டின் துளைகள் உறையின் முளைகளில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். மேட்டின் அடியில் பட்டன்களை இணைத்துக்கொண்டு போகும் சிறு பள்ளங்கள் காற்று போவதற்கானவை. பசையோ பெயின்ட்டோ அவற்றை அடைத்தால் பட்டன் உறிஞ்சிக்கொண்டு மெதுவாகத்தான் மேலே வரும். திருகை வலுவாக முறுக்காதீர்கள், மேட் நசுங்கிப் பட்டன் பாதி அழுந்திய நிலையில் நிற்கும். பேட்டரியை மாட்டி, ஒவ்வொரு பட்டனையும் நுனிவிரலால் லேசாக மட்டும் தொட்டுக் கேமராவில் பாருங்கள். பலமாக அழுத்திச் சோதித்தால் அரைகுறையாகச் சரியான பொட்டும் தேறியதுபோலத் தெரிந்துவிடும்.