சூட்டுக்கும் அளவு உண்டு: கதிர்வீச்சோடு சேரும் ஹைப்பர்தெர்மியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுக்கட்டியை ஏறத்தாழ 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை ஒரு மணி நேரம் சூடேற்றி, கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சைதான் ஹைப்பர்தெர்மியா. ஆக்சிஜன் குறைவாக உள்ள செல்களும், டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் கட்டத்தில் இருக்கும் செல்களும் கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாது, சூட்டுக்கு மசியும். கதிர்வீச்சால் அறுந்த டி.என்.ஏ.வைச் செல் ஒட்டவைக்கப் பார்க்கும்போது அந்த வேலையையும் சூடு கெடுத்துவிடும். 2000-இல் லான்செட் இதழில் வெளியான நெதர்லாந்து ஆய்வில், முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 27 சதவீதம். சூடும் சேர்த்துப் பெற்றவர்களில் 51 சதவீதம்.

இந்தப் பலன் தானாகக் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் நடந்த ஆரம்பகால ஆய்வு ஒன்றில் 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளில்தான் சூட்டின் பயன் தெரிந்தது. பெரிய கட்டிகளுக்குள் சூடு போதிய அளவு இறங்கவே இல்லை. சூட்டையும் கதிர்வீச்சைப் போலவே அளந்து கொடுக்க வேண்டும் என்பது அப்போது புரிந்தது.

ஆகவே முதல் தவறு, கணக்கில்லாமல் சூடேற்றுவது. 43 டிகிரியை அடிப்படையாக வைத்துத்தான் வெப்ப அளவைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேலே ஒரு டிகிரி ஏறினால் தேவைப்படும் நேரம் பாதியாகும். கீழே ஒரு டிகிரி இறங்கினால் நான்கு மடங்காகும். 42 டிகிரியில் 60 நிமிடம் என்பது 43 டிகிரியில் 15 நிமிடத்துக்குச் சமம். 41 டிகிரி என்றால் நான்கு நிமிடம்கூடத் தேறாது. ‘ஒரு மணி நேரம் கொடுத்தோம்’ என்று மட்டும் குறிப்பில் எழுதினால் அதிலிருந்து எதுவும் தெரியாது.

கட்டியின் ஒரே இடத்தில் அளந்துவிட்டுத் திருப்தி அடைவதும் இதே வகைத் தவறு. ரத்த ஓட்டம் நன்றாக உள்ள பகுதி சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். பக்கத்திலேயே இன்னொரு பகுதி கொதிக்கும். பல புள்ளிகளில் அளந்து, அவற்றில் 90 சதவீதப் புள்ளிகள் குறைந்தது எந்த வெப்பநிலையைத் தொட்டன என்று பார்க்க வேண்டும். மிக உயர்ந்த புள்ளியை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். கட்டியைச் சூடேற்றுவது மின்காந்த அலைகள்தான் என்பதால், வெப்பநிலையை அளக்கும் சாதாரண உலோக உணரி அந்தப் புலத்தில் தானே சூடாகிப் பொய்யான அளவு காட்டும். அதனால்தான் உலோகமில்லாத ஃபைபர் ஆப்டிக் (கண்ணாடி இழை) உணரிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

கருவித் தேர்விலும் இதே கவனம் வேண்டும். மார்புச் சுவர் போன்ற மேலோட்டமான இடங்களுக்குப் பயன்படும் 434 அல்லது 915 மெகாஹெர்ட்ஸ் கருவியின் சூடு சில சென்டிமீட்டர்தான் இறங்கும். இடுப்புக்குழிக்குள் இருக்கும் கட்டிக்கு உடலைச் சுற்றி ஆன்டெனாக்கள் வைத்து, 70 முதல் 120 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகளைச் செலுத்துவார்கள். இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே படுக்கவைக்கும் முறையில் தோலுக்கடியில் உள்ள கொழுப்புதான் முதலில் சூடாகும். பருமனானவர்களுக்கு இது பெரிய தடை. கருவிக்கும் தோலுக்கும் நடுவே வைக்கும் தண்ணீர்ப் பையில் காற்றுக்குமிழி இருந்தாலோ, பை தோல் மடிப்பில் சரியாகப் படியாமல் இருந்தாலோ அந்த இடத்தில் சூடு சீராக இறங்காது, தோல் பொத்துப்போகவும் வாய்ப்புண்டு. சுவிட்சைப் போடுவதற்கு முன் பையைக் கையால் தடவிப் பார்க்கும் அரை நிமிடத்தை யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

‘தினமும் கொடுத்தால் சீக்கிரம் குணமாகாதா?’ என்று குடும்பத்தினர் கேட்பது இயல்பு. ஆனால் ஒருமுறை சூடுபட்ட செல் தன்னைக் காக்கும் புரதங்களை உருவாக்கிக்கொள்கிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு அது சூட்டைத் தாங்கும். அதற்குள் மறுபடி சூடேற்றினால் பலன் குறைவு. இரண்டு அமர்வுகளுக்கு இடையே 72 மணி நேரமாவது விடுவது இதற்காகத்தான். அதேபோல, அன்றைய கதிர்வீச்சுக்கும் சூட்டுக்கும் நடுவே இடைவெளி நீளக் கூடாது. பல மையங்கள் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் இரண்டையும் முடிக்கின்றன. காலையில் ஒன்று, ‘வசதிப்படும்போது’ மற்றொன்று என்பது சரிப்படாது.

எல்லாவற்றையும்விட வருந்தத்தக்க தவறு, வலியைப் பொறுத்துக்கொள்வது. ஓரிடத்தில் சுருக்கென்றோ அழுத்தமாகவோ வலித்தால் அங்கே சூடு அளவு மீறுகிறது என்று பொருள். உடனே சொன்னால் ஆற்றலைக் குறைப்பார்கள், ஆன்டெனாவின் அமைப்பை மாற்றுவார்கள். நோயாளி விழிப்போடு இருக்க வேண்டும் என்பதும், மயக்க மருந்து தருவதில்லை என்பதும் இதனால்தான். அறுவை சிகிச்சைத் தழும்பிலோ நரம்பு பாதித்த இடத்திலோ உணர்ச்சி மரத்திருந்தால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே வலி எச்சரிக்காது. உணரியை மட்டுமே நம்ப முடியும்.

பேஸ்மேக்கர், உடலுக்குள் வைத்த உலோகத் தகடு, கர்ப்பம் ஆகியவற்றைத் திட்டமிடும்போதே தெரிவிக்க வேண்டும். வலிக்காகத் தோலில் ஒட்டியிருக்கும் ஃபென்டனில் பட்டையைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். சூடுபட்டால் அதிலிருந்து மருந்து வேகமாக இறங்கி மூச்சையே மந்தமாக்கும்.

‘மருத்துவமனையில் கொடுப்பதும் சூடுதானே’ என்று வீட்டில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். அந்தச் சூடு கட்டியின் ஆழத்தை எட்டாது. கதிர்வீச்சால் ஏற்கெனவே நொந்த தோலைத்தான் சுடும். சிகிச்சைக்குப் பிறகு தோலுக்கடியில் கெட்டியாக, தொட்டால் வலிக்கும் முடிச்சு ஒன்று தோன்றலாம். கொழுப்பு வெந்துபோனதால் வருவது அது. பெரும்பாலும் சில வாரங்களில் தானே கரையும். கட்டி திரும்பிவிட்டதோ என்று மனதுக்குள் வைத்து மருகாமல், ஒத்தடமும் கொடுக்காமல், அடுத்த அமர்வு தொடங்குவதற்கு முன் அந்த இடத்தைக் காட்டுங்கள். அங்கே எவ்வளவு சூடு விழுந்தது என்று பதிவைப் பார்த்து, அடுத்த முறைக்கான அமைப்பை அதற்கேற்ப மாற்றுவார்கள்.