சென்னைக்கு மேலே வீசும் காற்று: பலூன் கணக்கும் செயற்கைக்கோள் கணக்கும்

ஜூலை மாதத்தில் சென்னைக்கு மேலே சுமார் 14 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று ஓடும். இந்திய வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம் 1958-ல் விவரித்த கீழை ஜெட் காற்று அதுதான். திசை அதிகம் மாறாது என்பதால், வானிலை பலூன் அளந்த காற்றையும் செயற்கைக்கோள் கணக்கிட்ட காற்றையும் ஒப்பிட்டுப் பழக நல்ல காற்று.

படி 1: பலூன் அளவுகளைத் தரும் வயோமிங் பல்கலைக்கழக இணையதளத்தில் 43279 என்ற நிலையத்தை (மீனம்பாக்கம்) எடுங்கள். நேரம் 00 யுடிசி (உலகப் பொது நேரம்), நமக்குக் காலை 5.30. அட்டவணையில் 150 ஹெக்டோபாஸ்கல் வரியைப் பாருங்கள்; காற்றழுத்தம் அவ்வளவு இருக்கும் மட்டம்தான் அந்த 14 கிலோமீட்டர் உயரம். திசை 90 பாகை என்றால் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான். வேகம் நாட் (knot) அலகில் இருந்தால் 0.514-ஆல் பெருக்குங்கள், மீட்டர்/விநாடி கிடைக்கும்.

படி 2: இஸ்ரோவின் மோஸ்டாக் (MOSDAC) தரவுத் தளத்தில் பதிவுசெய்து, இன்சாட் வானிலைச் செயற்கைக்கோளின் காற்றுத் தரவை இறக்குங்கள். இன்சாட் காற்றை நேரடியாக அளப்பதில்லை. அடுத்தடுத்த படங்களில் மேகமோ நீராவித் திட்டோ எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துக் கணக்கிடுகிறது. பின்தொடர எதுவும் இல்லாத இடத்தில் தரவும் இருக்காது.

படி 3: பலூன் அளவையும் செயற்கைக்கோள் அளவையும் ஜோடி சேருங்கள். ஒன்றுக்கொன்று 150 கிலோமீட்டர், 25 ஹெக்டோபாஸ்கல், 90 நிமிடத்துக்குள் இருப்பவை போதும். பலூன் விநாடிக்கு 5 மீட்டர் போல ஏறுகிறது. 14 கிலோமீட்டரைத் தொட முக்கால் மணி ஆகும், அதற்குள் நகர்ந்தும் போயிருக்கும்.

படி 4: வேகத்தை மட்டும் கழித்துவிடாதீர்கள். ஒரு கற்பனைக் கணக்கு: பலூன் 90 பாகை, 30.9 மீட்டர்/விநாடி, செயற்கைக்கோள் 80 பாகை, 28. வேக வித்தியாசம் 2.9தான். ஆனால் வேகத்தைத் திசையின் சைனால் பெருக்கிக் கிழக்கு-மேற்குப் பகுதியையும், கொசைனால் பெருக்கி வடக்கு-தெற்குப் பகுதியையும் பிரித்தால் வித்தியாசம் முறையே 3.3, 4.9. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5.9. இரண்டு மடங்கு!

படி 5: ஒத்துப்போகவில்லையா? உடனே செயற்கைக்கோளைக் குறை சொல்லவேண்டாம். முதலில் உயரத்தைச் சந்தேகப்படுங்கள். மெல்லிய கீற்று மேகத்தின் ஊடே கீழிருந்து வரும் வெப்பக் கதிரும் சேர்ந்து வரும். மேகம் உள்ளதைவிடச் சூடாகத் தெரியும். சூடான மேகம் தாழ்வானது என்று கொண்டு, அதைத் தாழ்வான மட்டத்தில் வைத்துவிடுவார்கள். பலூன் அட்டவணையில் மேலும் கீழும் நகர்ந்து, செயற்கைக்கோள் காற்று எந்த வரியோடு நன்றாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். ஒரு மாத ஜோடிகளுக்கு இப்படிச் செய்யுங்கள். பொருந்தும் வரி பெரும்பாலும் ஒரு படி உயரமான மட்டத்திலேயே வந்தால், காற்றின் கணக்கு சரி, மேகத்தின் உயரம்தான் பிசகியிருக்கிறது.